கூர்காலும் ஸ்பிரிங் காலும்

மாரிக்கண்ணுவுக்கு வயது ஐம்பத்தாறு. அவருடைய குரு ஜெஸிந்தாவுக்கு முப்பத்திரண்டு. திருச்சியில் வீடு வீடாகப் போய்ப் பெரிய ஸ்பீக்கர்களை நிறுத்தி, ஓசையைச் சரி செய்து கொடுப்பது அவள் தொழில். அவரோ கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டியே தலை நரைத்தவர். வித்தை இருக்கிற இடத்தில் வயதைப் பார்த்து ஆகப்போவதென்ன என்று அவளிடம் வந்து சேர்ந்துவிட்டார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

பழைய தொழில் அவ்வளவு சீக்கிரம் ஆளை விடுமா? மைக் செட்காரருக்குத் தரை அதிர வேண்டும். பந்தலில் நிற்கிறவன் நெஞ்சுக்கூட்டில் போய் இடித்தால்தான் அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள். மாரிக்கண்ணு அப்படித்தான் பேர் வாங்கியிருந்தார்.

ஒருநாள் அவர் கேட்டார். "டீச்சர், அடுத்த வீட்டை நான் தனியாச் செய்யட்டுமா?"

"செய்யுங்கண்ணே. அது நல்லபடியா அமைஞ்சுட்டா, அப்புறம் எல்லா வீட்டுக்கும் நீங்க தனியாவே போகலாம்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மனிதர் இத்தனை மாதமாகக் காத்திருந்தார்.

அடுத்த வீடு வக்கீல் கோதண்டத்துடையது. அடுக்குமாடியில் இரண்டாம் தளம். தரையில் நிற்கிற ஜோடி ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் இடுப்பு உயரம், தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும் கனம். ஸ்பீக்கருக்கு அடியில் எந்தக் காலைப் போடுவது என்று மாரிக்கண்ணு யோசிக்கவே இல்லை. ஆணி மாதிரி முனை வைத்த இரும்புக் கூர்கால்களைத் திருகினார். டைல்ஸில் கீறல் விழாமல் முனைக்கு அடியில் பித்தளை வில்லைகளை வைத்தார். பாட்டைப் போட்டதும் மேளம் கிண்ணென்று கேட்டது. வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். மாரிக்கண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே வக்கீலிடமிருந்து போன் வந்தது.

"கீழ்வீட்டு அம்மா மேல வந்து தரையைக் காட்டறாங்க, கையை உதறிக் காட்டறாங்க. எனக்கு அக்கம்பக்கத்துப் பொல்லாப்பு வேண்டாம். சரி பண்ண முடியலைன்னா செட்டை எடுத்துட்டுப் போயிடுங்க."

"என்ன சொன்னாங்க சார்?"

"ஒண்ணும் சொல்லலை. தில்ஷாத் அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேக்காது, பேச்சும் வராது."

மாரிக்கண்ணு போனை வைத்துவிட்டுச் சிரித்தார். "கேட்டீங்களா டீச்சர் கூத்தை? செவிடன் காதுல சங்கு ஊதினா கேக்காதும்பாங்க. இங்க கேக்குதாம், தொந்தரவாம்!"

ஜெஸிந்தா சிரிக்கவில்லை. "வாங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

வக்கீலைப் பாட்டுப் போடச் சொல்லிவிட்டு இருவரும் கீழ்வீட்டுக்குப் போனார்கள். தில்ஷாத் ஆரி வேலை செய்கிறவள். கல்யாண ரவிக்கை ஒன்று மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தது. இடம் போதாமல் சட்டத்தின் ஒரு முனையைத் தூணில் அண்டக் கொடுத்திருந்தாள். மாரிக்கண்ணு கூர்ந்து கேட்டார். பாட்டு மெல்லத்தான் கேட்டது.

"இதுக்கா இவ்வளவு?" என்றார்.

தில்ஷாத் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து மரச்சட்டத்தின் மேல் வைத்தாள்.

மாரிக்கண்ணுவின் உள்ளங்கைக்கு அடியில் மேளம் ஓடியது. தாளம் பிசகாமல் ஓடியது. அவள் ஊசியை எடுத்து ஒரு மணியைக் கோக்கப் போனாள். முனை நடுங்கி, பட்டில் வேறிடத்தில் இறங்கியது. அப்படித் தவறி இறங்கிய துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினாள். பட்டில் துளை விழுந்தால் விழுந்ததுதான். யாருடைய கல்யாணத் துணியோ!

மாரிக்கண்ணுவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அசரவில்லை.

"இவ்வளவுதானே? கூர்காலைக் கழற்றிட்டு மெத்துனு ஒண்ணு போட்டாப் போச்சு."

மேலே போய், பையில் இருந்ததிலேயே மிருதுவான ரப்பர் பஞ்சைத் தேடி எடுத்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். குழந்தைக்குத் தலையணை வைக்கிற மாதிரி ஸ்பீக்கருக்கு அடியில் கொடுத்தார். வேலை முடிந்தது என்ற நினைப்பில் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினார்.

தில்ஷாத் சட்டத்தின் மேல் கை வைத்தாள். கையை உதறிக் காட்டினாள்.

இப்போது மாரிக்கண்ணு நிஜமாகவே கலங்கிப்போனார். ஏறி வந்து சுவரோரம் உட்கார்ந்தார்.

"கல்லு மாதிரி இருந்ததைப் போட்டேன், தப்பு. பஞ்சு மாதிரி இருக்கறதைப் போட்டேன், அதுவும் தப்பு. எதுதான் டீச்சர் நல்ல கால்?"

ஜெஸிந்தா ஸ்பீக்கரைச் சாய்த்துப் பிடித்தாள். "உங்க பஞ்சைப் பாருங்க."

எடுத்துப் பார்த்தார். அப்பளமாக நசுங்கிக் கிடந்தது.

"மெத்துனுதானே இருந்துச்சு?"

"உங்க கன்னத்துக்கு மெத்துனு இருந்துச்சு. இந்தக் கனத்துக்கு?"

அவர் நசுங்கிய பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவள் பையிலிருந்து வட்டமான உலோகக் கால்களை எடுத்து வைத்தாள். மூடியைத் திறந்தால் உள்ளே சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள். வேண்டுமானால் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு காலில் ஒரே ஒரு ஸ்பிரிங்கை வைத்து அவரிடம் நீட்டினாள்.

"உங்க பலம் மொத்தத்தையும் போட்டு அமுக்குங்க."

அமுக்கினார். அடியோடு அமுங்கிவிட்டது.

"இப்ப இது என்ன?"

"கல்லு."

இன்னொரு காலில் ஸ்பிரிங்குகளை நெருக்கி நிரப்பிக் கொடுத்தாள். முக்கி முனகினார். அசையவில்லை.

"இது?"

"இதுவும் கல்லுதான்" என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். "பாதி அமுங்கணும். அப்படித்தானே டீச்சர்?"

"ஸ்பீக்கரை ஏத்திப் பாருங்க."

அன்று மத்தியானம் முழுக்க ஒரு ஸ்பிரிங் கூட்டுவதும் ஒன்றைக் குறைப்பதுமாகக் கழிந்தது. முன்பக்கம் கனம் அதிகம் என்பது அவருக்கே தட்டுப்பட்டது. அங்கே ஒன்று கூட்டினார். கடைசியில் இரண்டு ஸ்பீக்கருக்கும் நாலு காலும் பாதி வரை அமுங்கி நின்றன. விரலால் தட்டினால் ஸ்பீக்கர் லேசாக ஒரு தரம் அசைந்து அடங்கியது. ஜெஸிந்தா ஒரு ஸ்பிரிங்கைக்கூடத் தொடவில்லை.

பாட்டைப் போட்டார்கள். மேளம் தனியாக, குரல் தனியாகத் தெரிந்தது.

"முன்னை விடத் தெளிவா இருக்கே!" என்றார் வக்கீல்.

மாரிக்கண்ணுவின் நெஞ்சு நிறைந்துவிட்டது. குருவின் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், இனிமே நான் தனியாப் போகலாமா?"

"கீழ்வீட்டுல கேட்டுட்டு வாங்க."

"நீங்களே சொல்லலாமே. பாட்டை நீங்க கேட்டீங்க, வக்கீல் சார் கேட்டாரு. அவங்க பிறந்ததுலேருந்து ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லையே?"

"அதனாலதாண்ணே. நம்ம மூணு பேருக்கும் பாட்டு குறுக்க வந்துடுது. கால் என்ன செய்யுதுன்னு அவங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்."