மிச்சச் சோறு

"மேடம், என் தம்பி மூளையிலயும் இந்தக் கட்டி இருக்குமா?"

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே ஜெசிந்தா கேட்டாள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை அதுதான். தீராத மனநோயோடு இருந்து இறந்தவர்களின் மூளையை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிப் பார்ப்பார்கள். சில மூளைகளில் உருக்குலைந்த புரதம் கட்டிகட்டியாகப் படிந்திருக்கும். சிலதில் ஒன்றுமே இருக்காது. ஏன் என்று கேட்டால் அத்தனை பேரும் மோட்டுவளையைப் பார்ப்பார்கள்.

அவளுக்கு ஆசிரியை டாக்டர் மெஹருன்னிசா. லேசில் பதில் சொல்கிற ஆள் இல்லை.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?"

"நான் சோத்துல விஷம் வைக்கிறேன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தினான் மேடம். அது கட்டி பேசின பேச்சுன்னா மன்னிச்சிருவேன். அவனே சொன்னதுன்னா என்னால முடியாது."

"அவ்வளவுதானே. மூளையைக் கொண்டா, பாத்துரலாம்."

ஜெசிந்தா மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

"அவன் உயிரோட இருக்கான் மேடம்."

"அப்போ காத்திரு."

அவள் கிளம்புவதற்காகத் தன் பையை எடுத்து நாற்காலியில் வைத்தாள்.

"பையில என்ன?"

"சீலா மீன் குழம்பும் சோறும். அவனுக்குத்தான். மனநல ஆஸ்பத்திரி வாசல்ல வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டுப் போயிருவேன். அவன் திறக்கிறதே இல்லையாம்."

"நீ உள்ள போறதில்லையா?"

"எப்படி மேடம்? கட்டியா, அவனான்னு தெரியாம எந்த மூஞ்சியப் பாக்குறது?"

மேடம் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கை கழுவினார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். ஜெசிந்தா பார்த்துக்கொண்டு நிற்க, பாதிச் சோற்றை நிதானமாகச் சாப்பிட்டார். டப்பாவை மூடி அவள் கையில் கொடுத்தார்.

"உப்பு கம்மி."

"என் கேள்விக்கு மேடம்?"

மேடம் உள்ளே போய்விட்டார்.

ஜெசிந்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாதி தின்ற டப்பாவை வாட்ச்மேனிடம் எப்படி நீட்டுவது? வேறு வழியில்லாமல் வார்டுக்குள் போனாள்.

தம்பி சகாயம் கட்டிலில் சுருண்டிருந்தான். அவள் டப்பாவைத் திறந்ததும் எட்டிப் பார்த்தான்.

"யாரு தின்னது?"

"எங்க மேடம்."

"செத்துட்டாங்களா?"

"இல்ல. உப்பு கம்மின்னாங்க."

நிஜமாகவே கம்மியா என்று பார்க்க, ஜெசிந்தா ஒரு வாய் அள்ளிப் போட்டாள்.

சகாயம் துள்ளி எழுந்தான். முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

"திங்காதக்கா. விஷம்."

டப்பாவைப் பிடுங்கிக்கொண்டான். அவளுக்கு ஒரு பருக்கை விடாமல், மிச்சம் முழுவதையும் அவனே அள்ளி அள்ளித் தின்றான்.