புற்றுக்கு முட்டை வந்த கதை

பாம்பும் மனுசரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வெட்டாங்குளம் என்ற ஊருக்குக் கிழக்கே, கம்பங்கொல்லை ஓரத்தில் ஆளுயரப் புற்று ஒன்று இருந்தது. கட்டிய கரையான்கள் எப்போதோ காலி செய்துவிட்டுப் போக, ஒரு நல்லபாம்பு அதில் குடியேறியிருந்தது. ஊரார் அதைப் புற்றுக்காரி என்றார்கள். அது கொல்லையில் எலி பிடித்தது. ஊரார் புற்றைச் சுற்றிப் பத்தடிக்கு ஏர் ஓட்டாமல் விட்டார்கள். யாரும் யாரையும் கும்பிடவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

புற்றுக்குப் பக்கத்து வீடு உலகம்மாளுடையது. அவள் புருஷன் வேலப்பன் விடிந்தால் கொல்லைக்குப் போய்விடுவான். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத உலகம்மாள், மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும்போது புற்றடியில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகர்வாள். பாம்பை அவள் அக்கா என்று கூப்பிடுவாள்.

அடுப்புப் போடப் புற்றுமண்ணுக்கு ஈடாக வேறு மண் கிடையாது. எவ்வளவு எரித்தாலும் வெடிக்காது. மேற்குப் பக்கம் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள், கிழக்கே மட்டும் கை வைக்காதே என்று பாம்பு சொல்லியிருந்தது. ஏன் என்று உலகம்மாள் கேட்டதில்லை.

ஆனிக் கடைசியில் அவள் அடுப்பு உடைந்தது. மண் எடுக்கப் போனாள். மேற்குப் பக்கம் வெயிலில் காய்ந்து கல்லாகக் கிடந்தது. மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் தெறித்தது. கிழக்குப் பக்கம் நிழலில் பொதபொதவென்று இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். பாம்பு வெளியே இல்லை. ஒரே ஒரு கூடை அள்ளிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் அவள் மகள் கோமுவுக்குக் காய்ச்சல் கண்டது.

கோமுவுக்கு இரண்டு வயது. பக்கத்து ஊரில் இதே காய்ச்சலில் இரண்டு பிள்ளைகள் போயிருந்தன. கஷாயம் கொடுத்தார்கள், பற்றுப் போட்டார்கள். மூன்றாம் நாள் பிள்ளையின் கண் மேலே செருகியது. உலகம்மாள் அதன் தலைமாட்டில் உட்கார்ந்து புது அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மண் எந்தப் பக்கத்து மண் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நாலாம் நாள் காலையில் அடுத்த வீட்டு மதினி பகவதி விசாரிக்க வந்தாள். உலகம்மாள் தாங்கமாட்டாமல் சொல்லிவிட்டாள். பகவதி வாயைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

“ஏட்டி, அது சாதாரணப் பாம்புன்னா நெனச்சே? சாமிட்டி அது. உன்னைச் சும்மா விடுமா?”

நேற்றுவரை பகவதியே அதைப் பார்த்து, எங்கள் வீட்டு எலியை எப்போது பிடிக்கப்போகிறாய் சோம்பேறி என்று கேலி பேசியவள்தான். அது இப்போது இரண்டு பேருக்கும் நினைவில்லை.

சாமிக்கு என்ன கொடுப்பது? கொடுப்பதில் உயர்ந்தது எதுவோ அதைக் கொடுக்க வேண்டும். வீட்டில் பிள்ளைக்கு வைத்திருந்த பாலைவிட உயர்ந்தது எதுவும் உலகம்மாளிடம் இல்லை. மாடு கறந்த செம்போடு உச்சிவெயிலில் புற்றுக்கு ஓடினாள். புற்றின் மேல்வாயில் முழுச் செம்பையும் கவிழ்த்தாள். பால் உள்ளே இறங்கும் சத்தம் கேட்டது. நெற்றி மண்ணில் படக் கீழே விழுந்தாள்.

பக்கவாட்டுப் பொந்து வழியாகப் பாம்பு அவசரமாக வெளியே வந்தது. அதன் முதுகில் பால் வழிந்தது.

“என்ன காரியம் செய்தே உலகு?”

“தாயே, என் பிள்ளையை விட்டுரு தாயே.”

பாம்பு முதுகுப் பாலை மண்ணில் தேய்த்துத் துடைத்தது. “நேத்துவரைக்கும் அக்கான்னு கூப்பிட்டே,” என்றது.

பிறகு அது பொறுமையாகத்தான் பேசியது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததே இப்போதுதான் தனக்குத் தெரியும் என்றது. ஒரு கூடை மண்ணுக்காக யாரும் பிள்ளையைப் பிடிப்பார்களா என்று கேட்டது. தன் இனத்தில் யாரும் பால் குடிப்பதில்லை, தவளையும் எலியும்தான் தங்களுக்குச் சாப்பாடு என்றது. கிழக்குப் பக்கம் தான் பதினேழு முட்டை இட்டு வைத்திருப்பதை அன்றைக்குத்தான் சொன்னது. பால் உள்ளே போனால் புளிக்கும், எறும்பு வரும். இனி ஊற்றாதே, யாராவது ஊற்ற வந்தாலும் நீ தடுத்துச் சொல் என்றது.

உலகம்மாள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தில் வேர்த்திருந்தது. காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது.

காய்ச்சல் நாலாம் நாள் இறங்குவது உண்டு. இறங்காமல் போவதும் உண்டு. ஆனால் பகவதி அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். சாயங்காலம் நாட்டாமை சங்கிலியாண்டி ஊரைக் கூட்டினார். இன்று ஒரு வீட்டில் வந்தது நாளை எல்லா வீட்டிலும் வரும் என்றார். ஆடி பிறந்ததும் செவ்வாயும் வெள்ளியும் வீட்டுக்கு ஒரு செம்பு பால் புற்றில் ஊற்ற வேண்டும் என்று முடிவானது. பிள்ளை உள்ளவர்களுக்குக் கட்டாயம், இல்லாதவர்களுக்கு விருப்பம் என்றார். விருப்பம் என்று சொல்லி ஒதுங்க ஒருவருக்கும் தைரியம் இல்லை.

சங்கிலியாண்டி உலகம்மாளைக் கேட்டார். “நீ போய் நின்னவ. அது உங்கிட்ட என்னமும் சொல்லிச்சா?”

உலகம்மாளின் இடுப்பில் கோமு இருந்தாள். மூன்று நாளுக்குப் பிறகு பிள்ளை அப்போதுதான் கண்ணைத் திறந்து பார்த்தது. பாம்பு சொன்னதெல்லாம் உலகம்மாளுக்கு வார்த்தை பிசகாமல் நினைவில் இருந்தது. அதைச் சொன்னால் ஊர் பால் ஊற்றாது. ஊற்றாமல் போய், காய்ச்சல் திரும்பி வந்தால்? பாம்பு உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோபத்தில் சோதித்தும் பார்த்திருக்கலாம். யார் கண்டது? பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே, “ஒண்ணும் சொல்லலை மாமா,” என்றாள்.

முதல் செவ்வாய்க்கு முப்பத்தியிரண்டு செம்பு விழுந்தது. பாம்பு வெளியே வந்து வேண்டாம் என்று கத்தியது. அதன் குரலைக் கேட்டதும் கூட்டம் கும்பலாக விழுந்து கும்பிட்டது. சாமி பேசுகிறது என்றார்கள். என்ன பேசுகிறது என்று கேட்க யாரும் தலையைத் தூக்கவில்லை. போதாது போலிருக்கிறது என்று சங்கிலியாண்டி சொன்னார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு இரண்டு செம்பானது.

உலகம்மாளும் இரண்டு செம்பு ஊற்றினாள். ஊற்றும்போது பாம்பு அவளை மட்டும் பார்த்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதன்பிறகு பாம்பு வெளியே வரவில்லை. புற்றைச் சுற்றிப் புளித்த வாடை வீசியது. காற்று மேற்கே திரும்பினால் அந்த வாடை உலகம்மாளின் அடுக்களைக்குள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை புல்லுக்குப் போனவள், வரப்பில் ஒரு சிவப்புக் கோடு நகர்வதைக் கண்டாள். கடியெறும்புகள். குளத்தங்கரையிலிருந்து நூல் பிடித்த மாதிரி வந்து கிழக்குப் பக்கப் பொந்தில் இறங்கின. வேறொரு எறும்புச்சாரை அதே பொந்திலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தது. வெளியேறிய எறும்புகளின் வாயில் வெள்ளையாக ஏதோ இருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. அரிவாளைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பகலெல்லாம் கதவைச் சாத்தி வைத்தாள். இரண்டு நாள் பிள்ளையைக் கீழே விடவில்லை.

மூன்றாம் நாள் குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கோமுவைப் பாயில் தூங்க வைத்துக் கதவை ஒருக்களித்துவிட்டுக் கிணற்றுக்குப் போனாள். ஒரு குடம் சேந்தும் நேரம்தான். திரும்பி வந்து வாசற்படியில் கால் வைக்கப் போனவள் நின்றுவிட்டாள்.

படியில் ஈரமாக ஒரு தடம் இருந்தது. சேறும் பாலும் கலந்த தடம், மூன்று விரல் அகலம். வளைந்து வளைந்து உள்ளே போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

குடம் இடுப்பிலிருந்து நழுவியது தெரியவில்லை. வேலப்பன் கொல்லையில் இருந்தான். பகவதியின் வீடு கூப்பிடு தூரம்தான். ஆனால் ஆளைக் கூட்டினால் ஆள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கதவை விரலால் தள்ளினாள்.

பிள்ளை பாயில் மல்லாந்து தூங்கியது. ஒரு கை பாயைத் தாண்டித் தரையில் கிடந்தது. அந்தக் கைக்கு ஒரு சாண் தள்ளிப் பாம்பு சுருண்டிருந்தது. உடம்பெல்லாம் எறும்பு கடித்த புண். தலையைத் தூக்கியது. கழுத்து விரிந்து படமாகி நின்றது. அதற்குமுன் அது யாரிடமும் படம் எடுத்ததே இல்லை. பேசத் தெரிந்தவர்களுக்கு அது எதற்கு?

“பதினேழும் போச்சு,” என்றது பாம்பு.

உலகம்மாள் வாசலிலேயே மண்டியிட்டாள். என்னைக் கொத்து என்று சொல்ல நினைத்தாள். சொன்னாளா, நினைத்ததோடு சரியா என்று அவளுக்கே பிறகு தெரியவில்லை.

“உன்னைக் கொத்தி எனக்கு என்ன ஆகணும்? ஊர்ல சொன்னியா?”

“சொல்லலை.”

“ஏன்?”

“பயந்துட்டேன் அக்கா.”

தூக்கத்தில் கோமு கையை அசைத்தாள். விரல் பாம்பின் உடம்பில் பட்டது. பாம்பு குனிந்து அந்த விரலைப் பார்த்தது. பாம்பு மெல்லத் தன் உடம்பை இழுத்துக்கொண்டது.

“என்னைச் சாமின்னு சொன்னீங்க. அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். சாமி சொன்னா கேக்கணும்லா? கேக்கலையே. இனி உங்ககிட்டப் பேச்சு கிடையாது. படத்தைக் காட்டுதேன், சீறுதேன். பயப்படத்தானே உங்களுக்குத் தெரியும். பயந்து தள்ளி நில்லுங்க, அது போதும்.”

அதுதான் பாம்பு பேசிய கடைசிப் பேச்சு. அது அவளை உரசிக்கொண்டு படியிறங்கிப் போனது. உலகம்மாள் அக்கா என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். இரண்டாம் தரம் அது திரும்பி ஒரு சீறல் சீறியது. அவள் கால் தானாகப் பின்னால் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊர் பாலோடு புற்றுக்குப் போனபோது, உலகம்மாள் அங்கே முன்னமே நின்றிருந்தாள். உரலில் இடித்த மஞ்சளைப் பொந்துகளைச் சுற்றித் தூவிக்கொண்டிருந்தாள். மஞ்சள் பட்ட இடத்தில் எறும்புச்சாரை கலைந்து ஓடியது. மடியிலிருந்து ஒரு கோழிமுட்டையை எடுத்து, கிழக்குப் பக்கம் தான் தோண்டிய குழியில் வைத்தாள். அவளிடம் இருந்தது ஒரே கோழி. பதினேழு முட்டைக்குப் பதினேழு வாரம் வருவேன் என்று புற்றைப் பார்த்துச் சொன்னாள். உள்ளே சத்தம் இல்லை.

பிறகு திரும்பி ஊரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கூடை மண்ணைச் சொன்னாள். பாம்பு வேண்டாம் என்றதைச் சொன்னாள். நாட்டாமை கேட்டபோது தான் பொய் சொன்னதையும் சொன்னாள். இந்த முட்டை அது தின்பதற்கு இல்லை, நாம் கெடுத்ததற்கு வைப்பது என்றாள்.

கூட்டம் பால்செம்புகளைக் கையில் பிடித்தபடியே கேட்டது. அதற்குள் பொந்தில் பாம்பின் தலை தெரிந்தது. படம் விரிந்தது. சீறல் கேட்டது. நாற்பது பேரும் ஒரே சமயத்தில் பத்தடி பின்னால் போனார்கள்.

சங்கிலியாண்டிக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. “அப்போ முட்டையும் மஞ்சளும் கேக்குது,” என்றார். “அடுத்த வெள்ளியிலிருந்து வீட்டுக்கு ஒண்ணு.”

“பாலு?” என்றாள் பகவதி.

“அதை ஏன் நிறுத்தணும்? அதுபாட்டுக்கு அது.”

உலகம்மாள் அன்றிலிருந்து பால் ஊற்றவில்லை. அவளைப் பார்த்து நாலைந்து வீடுகள் பாலைச் சின்னக் கிண்ணத்தில் புற்றுக்கு வெளியே வைக்கத் தொடங்கின. மற்றவர்கள் ஊற்றினார்கள்.

ஆடி வெள்ளியில் புற்றுக்கு மஞ்சள் தூவுவதும் முட்டை வைப்பதும் அந்த வருஷத்திலிருந்துதான். எதற்கு என்று கேட்டால், பாம்பு பாலைக் குடித்து முட்டையைத் தின்னும் என்று இன்றும் சொல்கிறார்கள். பாம்பு பேசுவதை விட்டதும் அன்றுமுதல்தான். அது சீறினால் பத்தடி தள்ளி நிற்கிறோம். பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஒருவரும் நகரவில்லை.