உறை ஊற்றாத தயிர்

பெருந்துறையில் ஐந்து சிறு உணவுக் கம்பெனிகள் சேர்ந்து, கையிருப்பையெல்லாம் போட்டு ஒரு பொது நொதித்தல் கூடம் கட்ட நினைத்தன. தயிருக்கும் பழ வினிகரான பழக்காடிக்கும் ஒரே தொட்டி போதும், நடுவில் பத்து நிமிடம் கழுவினால் சரி என்றார் ஆலோசகர் டாக்டர் வரதன்.

"அது ஆகாதுங்க" என்றாள், தயிர்க் கம்பெனியில் தொட்டி கழுவும் மாராத்தாள்.

"கழுவுறவளுக்கு என்ன தெரியும்? நாளைக்குள்ள நிரூபி. இல்லாட்டி எல்லாரும் என் அறிக்கையில கையெழுத்துப் போடட்டும்!" என்றார் வரதன்.

தயிர் இருந்த சின்னத் தொட்டியை அவர் கையாலேயே பத்து நிமிடம் கழுவவைத்தாள். காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றிப் பூட்டி, சாவியையும் அவரிடமே கொடுத்தாள்.

காலையில் அவரே திறந்தார். பால் கெட்டியாக உறைந்து கிடந்தது.

"உறை நான் ஊத்தலீங்க" என்றாள் மாராத்தாள். "குழாய் மூலையில நீங்க கழுவாம விட்டுவெச்ச பழைய தயிருதானுங்க உறை."

புது அறிக்கையில் தொட்டிகள் தனித்தனி, கொதிகலனும் குளிரறையும் மட்டும் பொது. கழுவியதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுபவர், மாராத்தாள்.