மாஸ்டரை நிமிர்த்தி வைத்த கதை

தென்காசிப் பக்கம் அரைக்கிணறு என்று ஒரு ஊர். முன்னொரு காலத்தில் ஊரே கூடி அங்கே ஒரு கிணறு வெட்டியது. பாதி ஆழம் போனதும் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. திடீரென்று தண்ணீர் வந்துவிட்டால் உள்ளே நிற்கிற நாமெல்லாம் நனைந்துவிடுவோமே என்றார். நியாயம்தான் என்று எல்லோரும் மண்வெட்டியோடு மேலே ஏறி வந்துவிட்டார்கள். கிணறு அங்கேயே நின்றது, பெயர் மட்டும் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. அந்தக் கிணறு வெட்டியவர்களின் வம்சத்தில் வந்தவர் நல்லபெருமாள்.

அவர் கிணறு வெட்டப் போகவில்லை. மாவு மில்லுக்கு மேல்மாடியில் வலைத்தளம் செய்து கொடுக்கும் அலுவலகம் வைத்திருந்தார். நிரல் எழுத இசக்கியப்பன், எழுதியதைச் சரிபார்க்க கோமதி, இரண்டு பேரும் சொல்வதைக் கேட்டுத் தலையாட்ட நல்லபெருமாள். மூன்று பேருக்கும் வேலையில் சிரத்தை அதிகம். சிரத்தைக்கு மட்டும் சம்பளம் என்றால் மூவரும் இந்நேரம் மாளிகை கட்டியிருப்பார்கள்.

நல்லபெருமாள் ஒருமுறை திருநெல்வேலிக்குப் போய் ஒருநாள் பயிற்சி எடுத்துக்கொண்டவர். வலைத்தளத்தை நடத்துகிற மென்பொருளை நம் தேவைக்கு மாற்றுவது எப்படி என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: 'உள்ளே இருப்பதைத் தொடாதே, வேண்டியதை வெளியிலிருந்து சேர்.' அதாவது, மென்பொருளின் உள்ளே கைவைக்காமல் சின்னதாக ஒரு நிரல் எழுதி மேலே சொருகிக்கொள்ள வேண்டும். அதற்கு பிளகின் என்று பெயர். சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னதெல்லாம் அவருடைய தூக்கத்தில் போய்விட்டது. கிடைத்தவரை லாபம் என்று அந்த வாக்கியத்தைப் பெரிதாக எழுதி அலுவலகச் சுவரில் மாட்டிவிட்டார்.

வாக்கியம் ஒன்றுதான் என்றாலும் எல்லாவற்றுக்கும் உதவியது. அலுவலகக் கடிகாரம் எப்போதும் நாற்பது நிமிடம் பின்தங்கியே ஓடியது. முள்ளைத் திருப்பினால் உள்ளே இருப்பதைத் தொட்டது போலாகும். ஆகவே பக்கத்தில் இன்னொரு கடிகாரம் வாங்கி மாட்டி, அதைப் பன்னிரண்டு நாற்பதில் நிறுத்தி, பேட்டரியையும் கழற்றிவிட்டார்கள். இரண்டையும் கூட்டினால் சரியான நேரம். இத்தனை துல்லியமாக நேரம் பார்க்கிற அலுவலகம் ஜில்லாவிலேயே கிடையாது என்பது நல்லபெருமாளின் எண்ணம்.

ஒரு வியாழக்கிழமை காலையில் கொண்டல்சாமி மாஸ்டர் போன் செய்தார். கல்யாணச் சமையலில் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர். அவருடைய வலைத்தளத்தை இவர்கள்தான் செய்து கொடுத்திருந்தார்கள். நல்லபெருமாளுக்கு அவர்மேல் பக்தியே உண்டு. அவர் கை அவியலைச் சாப்பிட்ட எவருக்கும் அது வரும்.

"ஏ நல்லபெருமாளு, உங்க தளத்துல நான் தலைகீழா நிக்கேனேப்பா" என்றார் மாஸ்டர்.

பார்த்தார்கள். உண்மைதான். பாயச அண்டாவுக்குப் பக்கத்தில் கையில் கரண்டியோடு மாஸ்டர் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார். அதற்குக் கீழே இருந்த சாம்பார், அவியல், வடை படங்களெல்லாம் நேராகவே இருந்தன.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மலேசியா ஈப்போவுல இருந்து பொண்ணு வீட்டுக்காரங்க இதைப் பாக்காங்கப்பா. மூவாயிரம் இலை. பாத்துட்டு உடனே முடிவு சொல்லிருவாங்களாம். முப்பது வருஷத்துல நான் ஆயிரத்தைத் தாண்டினதில்லை. நீ தலைகீழா நின்னாலும் இது உனக்குக் கிடைக்காதுன்னு மேலத்தெரு மாஸ்டர் சொல்லிக்கிட்டுத் திரியுதாரு. என்னை நேரா நிமித்தி வச்சிருங்க. ஒரு நிமிஷ வேலைதானே?"

"நான் பொறுப்பு மாஸ்டர்" என்றார் நல்லபெருமாள். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் பந்தி போட்ட மனுஷன் ஒரு மூவாயிரம் இலைக்கு ஆசைப்படுகிறார், அது தன் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தார்.

படத்தை எடுத்துத் திருப்பி மறுபடி ஏற்றினால் முடிந்துபோகிற வேலை. மாஸ்டர் சொன்னபடி ஒரு நிமிஷம்தான். ஆனால் படம் ஏற்கனவே உள்ளே இருக்கிறது. மூவரும் ஒன்றாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தார்கள்.

"தொடக்கூடாது" என்றான் இசக்கியப்பன்.

"ஆமா, தொடக்கூடாது" என்றார் நல்லபெருமாள்.

கோமதிக்கு வேறு கவலை. "அண்ணாச்சி, மாஸ்டர் தலைகீழா நிக்காரு, சரி. அண்டாவும்லா தலைகீழா இருக்கு. பாயசம் ஏன் கொட்டலை?"

மூவரும் வெகுநேரம் படத்தை உற்றுப் பார்த்தார்கள்.

"அடைப்பிரதமனா இருக்கும்" என்றான் இசக்கியப்பன். "அது கெட்டியா இருக்கும்."

"இருந்தாலும் இவ்வளவு கெட்டியா காய்ச்சணும்னா அதுக்கு ஒரு கை வேணும்லா" என்றார் நல்லபெருமாள். மாஸ்டர்மேல் இருந்த பக்தி அவருக்கு இன்னும் ஒரு பங்கு கூடியது.

இசக்கியப்பன் உட்கார்ந்து ஒரு பிளகின் எழுதினான். தளத்தில் இருக்கிற படங்களை எல்லாம் அது தலைகீழாகத் திருப்பும். 'நிமிர்த்தி' என்று பெயர் வைத்தார்கள். சொருகியவுடன் மாஸ்டர் ஜம்மென்று நிமிர்ந்து நின்றார். மூவரும் டீ வரவழைத்துக் குடித்தார்கள். பாதி டீயில் கோமதி திரையைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, சாம்பார் கவுந்துட்டு. அவியலும் கவுந்துட்டு."

"வடை?"

"வடை எப்படி இருக்குன்னு சொல்ல முடியலை அண்ணாச்சி. மேலயும் கீழயும் ஒண்ணு போலத்தான் இருக்கு."

"அப்ப வடை தப்பிச்சிட்டு. மத்ததைப் பாருங்க" என்றார் நல்லபெருமாள்.

நிமிர்த்தியை எடுத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். உங்களுக்குத் தோன்றி என்ன செய்ய, நிமிர்த்தி இப்போது உள்ளே போய்விட்டதே. அதையும் தொடக்கூடாது. இசக்கியப்பன் இன்னொரு பிளகின் எழுதி மேலே சேர்த்தான். பெயர் 'கவிழ்த்தி'. நிமிர்த்தி திருப்பியதை எல்லாம் கவிழ்த்தி மறுபடி திருப்பியது. சாம்பார் நேராயிற்று. மாஸ்டர் பழையபடி தலைகீழானார்.

"காலையில எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு" என்றாள் கோமதி.

"அப்படிச் சொல்லாதே. காலையில சும்மா தலைகீழா இருந்தாரு. இப்ப ரெண்டு பிளகின் வேலை செஞ்சு தலைகீழா இருக்காரு" என்றான் இசக்கியப்பன். உழைத்தவனுக்குத்தானே அருமை தெரியும்.

மதியத்துக்குப் பிறகு நீண்ட ஆலோசனை நடந்தது. மாஸ்டர் நேரானால் சாம்பார் கவிழ்கிறது, சாம்பார் நேரானால் மாஸ்டர் கவிழ்கிறார். இது குளத்துத் தண்ணீர்த் தகராறு போல இருக்கிறதே என்று நல்லபெருமாள் யோசித்தார். மேல்வயலுக்கும் கீழ்வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் பாயாது என்றால் என்ன செய்கிறோம்?

"முறை வச்சிருவோம்" என்றார். "மாஸ்டருக்கு ஒரு நேரம், சாம்பாருக்கு ஒரு நேரம்."

"எவ்வளவு நேரம் அண்ணாச்சி?"

"மாஸ்டரே சொன்னாருல்லா, ஒரு நிமிஷ வேலைன்னு. ஆளுக்கு ஒரு நிமிஷம் போடு."

வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிடுகிறவன் பெயரில் 'மடைக்காரன்' என்று மூன்றாவது பிளகின் வந்தது. அன்றிலிருந்து ஒரு நிமிடம் மாஸ்டர் நேராக நிற்பார், சாம்பார் வாளிகள் தலைகீழாகத் தொங்கும். மறுநிமிடம் வாளிகள் நிமிரும், மாஸ்டர் கவிழ்வார். நல்லபெருமாள் அதைப் பத்துமுறை பார்த்தார். ஒருவருக்கும் ஓரவஞ்சனை இல்லாத ஏற்பாடு.

சாயங்காலம் மாஸ்டர் போன் செய்தார். "ஏ தம்பி, பாத்துக்கிட்டு இருக்கும்போதே நான் குட்டிக்கரணம் போடுதேனேப்பா. நீங்க சேத்த கண்றாவியை எல்லாம் எடுத்துத் தொலைங்க. நான் கேட்டதை மட்டும் செய்யுங்க." எடுக்க வேண்டுமென்றால் தொட வேண்டுமே, ஆகவே மடைக்காரன் இரவெல்லாம் அப்படியே முறை வைத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை மாஸ்டர் நேரிலேயே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு, மடித்த துண்டுக்குள் அதிர்ஷ்டக் கரண்டி. நல்லபெருமாள் இரண்டு கடிகாரத்தையும் கூட்டிப் பார்த்தார். ஒன்பது இருபது.

"நான் பிழைப்பேனா மாட்டேனா, அதைச் சொல்லுங்க" என்று நாற்காலியில் சாய்ந்தார் மாஸ்டர்.

அந்த நேரத்தில்தான் இசக்கியப்பனுக்கு யோசனை உதித்தது. "அண்ணாச்சி, மாஸ்டர் படம் எடுக்கும்போது எப்படி நின்னாரு?"

"நேராத்தான் நின்னேன்" என்றார் மாஸ்டர்.

"நேரா நின்ன ஆளு தளத்துல தலைகீழா தெரியுதாரு. அப்படின்னா தலைகீழா நின்னா?"

"நேரா தெரிவாரு" என்றாள் கோமதி மெல்ல.

"பழைய படத்தைத் தொட வேண்டாம். புதுசா ஒண்ணு எடுத்து வெளியிலிருந்து சேர்த்துட்டாப் போச்சு" என்றார் நல்லபெருமாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சுவரில் இருந்த வாக்கியம் இத்தனை வருஷம் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்ததோ என்று தோன்றியது.

மாஸ்டர் மறுத்திருக்கலாம். ஆனால் அவரும் அரைக்கிணற்றில் பிறந்தவர்தானே. கணக்கு அவருக்கும் சரியாகவே பட்டது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டார். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தரையில் போட்டு அதில் தலையை வைத்தார். வலது காலை நல்லபெருமாள் பிடித்தார், இடது காலை இசக்கியப்பன்.

"வயசு அறுபதாச்சு. நான் சொல்ற வரைக்கும் விட்டுராதீங்க" என்றார் மாஸ்டர்.

"நீங்க வாயைத் திறந்து சொன்னாத்தான் விடுவோம் மாஸ்டர்" என்று இருவரும் வாக்குக் கொடுத்தார்கள்.

படத்தில் கரண்டி இல்லாமல் எப்படி? கையில் பிடித்தால் ஊன்றக் கை இல்லை. ஆகவே மாஸ்டர் கரண்டியை வாயில் கவ்விக்கொண்டார். கோமதி படம் எடுத்து, பழைய படத்துக்குப் பக்கத்தில் சேர்த்தாள். கூட்டிப் பார்த்ததில் சரியாகப் பத்து மணி.

அது மாஸ்டரின் முறை நிமிடம். ஆகவே ஈப்போக்காரர்கள் தளத்தைத் திறந்தபோது கண்டது இதுதான்: பழைய படத்தில் மாஸ்டர் நேராக நின்றார். புதுப் படத்தில் கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு இன்னும் நேராக நின்றார். அவர் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் கால்கள், தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை என்று குழப்பம் ஏதும் இல்லை. அவருடைய இரண்டு பாதங்களையும் இரண்டு ஆட்கள் தலைகீழாகத் தொங்கியபடி தாங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே சாம்பார், அவியல் எல்லாம் தலைகீழாக இருந்தன. ஒரு சொட்டு சிந்தவில்லை.

கால்மணி நேரத்தில் மாஸ்டரின் போன் அடித்தது. கோமதி ஓடிப்போய் எடுத்தாள். ஆள் தலைகீழாக இருக்கிறாரே என்று போனையும் தலைகீழாகத் திருப்பி, ஒலியைக் கூட்டி, அவர் காதருகே பிடித்தாள். நல்லபெருமாள் மாஸ்டரின் காலை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டார்.

"மாஸ்டர், நான் பொண்ணோட அப்பா பேசறேன்" என்றது போன். "எத்தனையோ சமையல்காரரைப் பாத்துட்டோம். வாளியைக் கவுத்தாலும் சிந்தாத சாம்பாரை இப்பத்தான் பாக்குறோம். கல்யாணம் உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு, மூவாயிரம் இலையும் படத்துல இருக்கற மாதிரியே தலைகீழா இருக்கணும். முடியுமா?"

"ம்ம்ம்" என்றார் மாஸ்டர். வாயில் கரண்டி.

"ஒரே வார்த்தையில ஒத்துக்கிட்டீங்களே. பெரிய மனசு" என்று போன் வைக்கப்பட்டது.

நல்லபெருமாளுக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லாததால் மாஸ்டரின் பாதத்தில் துடைத்துக்கொண்டார்.

"இலை தலைகீழா இருந்தா எப்படி அண்ணாச்சி சாப்பிடுவாங்க?" என்று கேட்டாள் கோமதி.

"சமையலைத் தொடக்கூடாது. சாப்பிடறவங்களையும் தலைகீழா நிறுத்திருவோம்" என்றார் நல்லபெருமாள்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு பேரு கால் பிடிக்கணுமே. ஆறாயிரம் பேரு வேணும்" என்றான் இசக்கியப்பன்.

"அந்த ஆறாயிரம் பேருக்கும் பசிக்கும்லா?" என்றாள் கோமதி.

"பசிக்கும். அவங்களையும் பந்தியில நிறுத்தணும். அவங்களைப் பிடிக்கப் பன்னிரண்டாயிரம்" என்று கணக்கைத் தொடர்ந்தான் இசக்கியப்பன்.

"ம்ம்ம், ம்ம்ம்ம்" என்றார் மாஸ்டர், முகமெல்லாம் சிவந்து, கைகளால் தரையைத் தட்டி.

"மாஸ்டரும் சரிங்காரு" என்றார் நல்லபெருமாள். "மூவாயிரம் கேட்டவருக்கு இத்தனை ஆயிரம் கிடைச்சா சந்தோஷம் இருக்காதா. மொத்தம் எத்தனை வருது, கூட்டு."

இசக்கியப்பன் விரல்விட்டு எண்ணக் கையை எடுக்கப் போனான். "விடாதே, மாஸ்டர் இன்னும் சொல்லலை" என்று நல்லபெருமாள் அதட்டினார். சரிதானே என்று அவன் கையை அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணெதிரே இருந்த மாஸ்டரின் கால்விரல்களை வைத்து ஆயிரம் ஆயிரமாக எண்ண ஆரம்பித்தான். பத்தாயிரத்தில் விரல் தீர்ந்துவிட்டது.

நல்லபெருமாள் சுவரைப் பார்த்தார். வேண்டியதை வெளியிலிருந்து சேர் என்று எழுதியிருந்தது.

"கோமதி" என்றார், "கீழ மில்லுல மாவு அரைக்க வந்தவங்க யாராவது சும்மா நிக்காங்களா பாரு. ஒரு ஆளைக் கூட்டிட்டு வா. கூடவே பிடிக்க ரெண்டு பேரு."