ஒரே குதிரில் நாற்பது பேர் அரிசி

மலையடிவாரத்து மடத்தில் சேர்வதற்கு முன்னால் அரியநாயகம் முப்பது வருஷம் அரிசி வியாபாரம் பார்த்தவர். வீட்டை விட்டார், கடையை விட்டார், காவி கட்டினார். கணக்கு மட்டும் அவரை விடாமல் கூடவே வந்துவிட்டது. மடத்தின் தலைவி உலகம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவர்தான் குரு, இவர் சீடர். அதில் அரியநாயகத்துக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. அவருடைய குறையெல்லாம் பானைகளைப் பற்றித்தான்.

மலை ஏறுகிறவர்கள் உச்சியில் பன்னிரண்டு நாள் விரதம் இருப்பார்கள். ஊர் திரும்ப நாலு நாள் நடக்க வேண்டும். அந்தப் பாதையில் ஒரு குடிசைகூடக் கிடையாது. அந்த நாலு நாளுக்கான அரிசியை மடத்தில் ஒப்படைத்துவிட்டு மேலே போவார்கள். ஆளுக்கு ஒரு பானை. பானையின் வாயை அவரவர் துணியால், அவரவர் கையாலேயே கட்ட வேண்டும் என்பது மடத்து வழக்கம்.

பானை வாங்கியே மடம் இளைத்தது. அடுக்கிவைக்க மூன்று அறை, எலி வராமல் பார்க்க இரண்டு ஆள், மாதா மாதம் உடைகிற பானைக்குப் புதுப் பானை. இதற்காக ஆளுக்கு ஒரு உழக்கு அரிசி காவல் கூலி வாங்கினார்கள். கூலி செலவுக்குக் காணாது. மடத்தில் இருப்பவர்கள் குடிக்கிற கஞ்சியில் அரிசியைத் தேட வேண்டியிருந்தது.

"எதுக்கு அம்மா இத்தனை செலவு? எல்லாம் அரிசிதானே?" என்று ஒருநாள் அரியநாயகம் கேட்டேவிட்டார்.

உலகம்மை ஒரு பானையைக் காட்டினார். "இது யாரோடது?"

"வேலாண்டியோடது."

"எப்படித் தெரியும்?"

"துணியைப் பார்த்தாலே தெரியுதே."

"ம்" என்று சொல்லிவிட்டு உலகம்மை கிணற்றடிக்குப் போய்விட்டார்.

இதெல்லாம் ஒரு பதிலா என்று அரியநாயகத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

அந்த மாசி மாதம், நோயில் கிடந்த ஒரு பக்தரைப் பார்க்க உலகம்மை வெளியூர் போனார். பொறுப்பு அரியநாயகத்திடம் வந்தது. மறுநாளே நாற்பது பேர் கொண்ட கூட்டம் வந்து இறங்கியது.

அரியநாயகம் நெல் கொட்டிவைக்கும் பழைய குதிர் ஒன்றைக் கழுவிக் காயவைத்தார். "எல்லாரும் இதுலயே கொட்டுங்க. யார் எத்தனை படின்னு ஓலையில எழுதிக்கிறேன். கூலி பாதி போதும்" என்றார்.

கூலி பாதி என்றதும் கூட்டத்துக்கு ஏக சந்தோஷம். கொட்டிவிட்டு மலை ஏறிப் போனார்கள். மடத்து அரிசி பன்னிரண்டு படி இருந்தது. அதை மட்டும் தனியே வைத்துக் காவல் காப்பானேன் என்று அதையும் அதே குதிரில் கொட்டினார் அந்தப் புண்ணியவான். ஓலையில் அதையும் எழுதினார். ஒரு உழக்குகூடப் பிசகவில்லை. இரண்டு அறைகள் காலியாயின. அன்றைக்குக் கஞ்சி கெட்டியாக இருந்தது.

மாடத்தி என்ற ஒருத்தி மட்டும் பிந்தி வந்தாள். அவள் கொண்டுவந்தது ஆறு படி கேழ்வரகு. அதை அரிசியோடு கலக்க முடியுமா? வேண்டாவெறுப்பாக ஒரு பானையை எடுத்துக் கொடுத்தார். சேலைத் தலைப்பைக் கிழித்து அவளே கட்டிவிட்டு மலை ஏறினாள்.

பதின்மூன்றாம் நாள் காலையில் மணியக்காரர் வன்னியப்பர் இரண்டு வண்டிகளோடு வந்தார். மடத்து நிலத்துக்கு இரண்டு வருஷ வரி பாக்கி. மடத்தில் இருக்கிற தானியத்தை அள்ளி வரச்சொல்லி அரண்மனை உத்தரவு.

"எங்களோடது பன்னிரண்டு படி. தாராளமா எடுத்துக்கிடுங்க" என்றார் அரியநாயகம்.

மணியக்காரர் குதிருக்குள் எட்டிப் பார்த்தார். "இது நூத்தம்பது படிக்குக் குறையாதே?"

"மிச்சம் மலைக்குப் போனவங்களோடது. இந்தா ஓலை."

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"பாக்கி வச்சிருக்கிற மடம், தன்னோட ஆளை விட்டு எழுதி வச்ச ஓலை. இதை வச்சுக்கிட்டு அரண்மனையில நான் என்னத்தச் சொல்ல? போன தடவை வந்தப்போ ஒவ்வொரு பானையிலயும் ஒவ்வொரு துணி இருந்துச்சு. ஊரார் கட்டின கட்டுல நான் கை வைக்கல. இப்போ மடத்துக் குதிர், மடத்துக் கூரை. இதுல ஊராரோடது எது? கையால தொட்டுக் காட்டும், விட்டுட்டுப் போறேன்."

அரியநாயகம் குதிருக்குள் கையை விட்டார். அரிசி விரல் வழியாக வழிந்தது. முப்பது வருஷம் அரிசியைத் தொட்ட கை, எதைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றது.

அந்த நேரம் பார்த்து உலகம்மை வாசலில் வந்து நின்றார். மணியக்காரர் கும்பிட்டார். "நீங்களே சொல்லுங்கம்மா. இதுல மடத்தோடது எது?"

உலகம்மை குதிருக்குள் பார்த்தார். பிறகு அரியநாயகத்தைப் பார்த்தார். "எது?"

"பன்னிரண்டு படி அம்மா."

"எவ்வளவுன்னு கேக்கல. எது?"

அரியநாயகம் ஓலையை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

வண்டிகள் நிரம்பின. கடைசியில் ஒரு ஆள் கேழ்வரகுப் பானையைத் தூக்கினான். மணியக்காரர் துணியைப் பார்த்துவிட்டு, "அதை வை. அது யாரோ பொம்பளையோடது" என்றார்.

வண்டிகள் போனதும் உலகம்மை மடத்து உழவு மாடு இரண்டையும் அவிழ்த்துச் சீடர் ஒருவரிடம் கொடுத்தார். "சந்தையில வித்துட்டு அரிசியா கொண்டுவாங்க." சந்தை பக்தர்களின் ஊருக்கு எதிர்த்திசையில் இருந்தது; எவ்வளவு விரட்டினாலும் போய்த் திரும்ப மறுநாள் சாயங்காலம் ஆகிவிடும்.

மத்தியானம் நாற்பது பேரும் இறங்கினார்கள். பன்னிரண்டு நாள் விரதத்தில் கண்கள் உள்ளே போயிருந்தன. நடந்ததைக் கேட்டதும் ஒருவன் கல்லை எடுத்தான். ஒருத்தி மண்ணில் உட்கார்ந்து அழுதாள். கூலி பாதி என்றதும் சிரித்த வாய்களெல்லாம் அரியநாயகத்தை ஏசின. அவர் உள்ளே ஓடி, கேழ்வரகுப் பானையைத் தூக்கிவந்து முடிச்சில் கை வைத்தார்.

"கையை எடுங்க" என்றார் உலகம்மை.

"நாப்பது பேரு பசியில துடிக்கிறாங்க அம்மா!"

"தெரியுது."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டாங்க. கூழாக் காய்ச்சினா ஆளுக்கு ஒரு செம்பு வரும். எல்லாரோடதும் போயிருச்சு, ஒருத்தியோடது மட்டும் முழுசா இருக்கு. இது நியாயமா?"

"அவங்களோடது போனதுக்கு அவளா காரணம்?"

அவர் கை முடிச்சிலேயே இருந்தது. கல்லை எடுத்தவன் இரண்டு அடி முன்னால் வந்தான். "அவிழும்யா!" என்றான். உலகம்மை எழுந்துவந்து பானைக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்தார். ஒரு நாழிகை அப்படியே போனது. அரியநாயகத்துக்கு அது ஒரு யுகம்.

முழங்கால் வலியோடு மாடத்தி கடைசியாக இறங்கி வந்தாள். விஷயத்தை அரியநாயகமே தடுமாறித் தடுமாறிச் சொன்னார். அவள் பானையைப் பார்த்தாள். கட்டைத் தொட்டுப் பார்த்தாள், அவள் போட்ட கட்டுதான். நிதானமாக அவிழ்த்து, இரண்டு படியை அளந்து மடியில் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு நாலு நாள் நடை இருக்கு" என்றாள். பிறகு பானையைக் கூட்டத்தின் பக்கம் நகர்த்தினாள். "அடுப்பை மூட்டுங்க. நானே காய்ச்சுதேன்."

கல்லை எடுத்தவன் கல்லைப் போட்டுவிட்டு விறகு பொறுக்கப் போனான். கொஞ்ச நேரத்தில் கூழ் மணந்தது. நாற்பது பேரும் வரிசையில் நின்றார்கள். மாடத்தி அகப்பையால் ஊற்றினாள். ஒவ்வொருவரும் அவளைக் கும்பிட்டு வாங்கிப் போனார்கள்.

ஆனாலும் அரியநாயகத்துக்குள் இருந்த வியாபாரி சும்மா இருக்கவில்லை.

"அதே பானை, அதே கேழ்வரகு. நான் அவிழ்த்திருந்தாலும் இதே கூழ்தானே அம்மா? என்ன வித்தியாசம்?"

உலகம்மை வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கூழ் அதேதான். நீங்க அவிழ்த்திருந்தா, அவளும் அந்த வரிசையில நாப்பத்தோராவது ஆளா நின்னிருப்பா."