ஆறுதல் பரிசு பெற்ற மீன்

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து மற்ற மூன்று பேரும் படி இறங்கிப் போய்விட்டார்கள். பூமிநாதன் சார் மட்டும் எழுந்திருக்கவில்லை.

ஜெசிந்தா டீச்சர் கம்ப்யூட்டரை அணைக்கப் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சார், வீட்டுக்குப் போகலையா?"

"போகணும் டீச்சர்."

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. விருதுநகரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறார். டீச்சருக்கு முப்பத்தைந்து. கீழே பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டூடியோ. ஞாயிறு காலைகளில் மாடியில் நாலு பேருக்குக் கேமரா சொல்லித் தருகிறார். ஊரே சார் என்று கூப்பிடும் மனிதருக்கு, தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரை டீச்சர் என்று கூப்பிடக் கூச்சம் இருந்ததில்லை. அன்றைய கூச்சம் வேறு.

செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒரு பிரிண்ட் போடணும். பன்னிரண்டுக்குப் பதினெட்டு இன்ச்சுல. பிரேமோட."

"உங்க படமா?"

"இல்ல. எங்க சகலை எடுத்தது."

அவர் மனைவி தமயந்தியின் தங்கையைக் கட்டியவர் கதிரேசன். டயர் கடை வைத்திருக்கிறார். கேமரா கிடையாது. இருப்பது கீறல் விழுந்த ஒரு செல்போன்.

டீச்சர் படத்தைப் பார்த்தார். தனுஷ்கோடியில் மீன் சாப்பாடு போடும் ஒரு குடிசைக் கடை. பின்னால் கடல். முன்னால் தமயந்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார். முந்தானை காற்றில் பறக்கிறது. தலையைக் குனிந்து, கண்ணைத் தாழ்த்தி, அடக்க முடியாமல் சிரிக்கிறார்.

"நல்லா இருக்கே சார்."

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"பத்து நாளா தமயந்தி கடன்காரன் மாதிரி ஒரே கேள்வி கேக்குறா டீச்சர். போட்டோ ஆச்சா, போட்டோ ஆச்சா. நீங்க ஊர்ல இல்லன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

"நான் ஊர்லதான இருந்தேன்?"

"ஹால்ல மாட்டணுமாம். டிவிக்கு மேல."

"மாட்டட்டுமே."

"அங்க என் சர்டிபிகேட் இருக்கு."

மாவட்டப் புகைப்படப் போட்டியில் அவர் வாங்கிய ஆறுதல் பரிசு அது. குடும்பத்தோடு போன அதே தனுஷ்கோடிப் பயணத்தில், அதே கடையில் எடுத்த பொரித்த ஊளி மீன் படத்துக்குக் கிடைத்தது. படத்துக்கு 'உப்பும் ஒளியும்' என்று பெயர் வைத்திருந்தார். வீட்டில் எல்லோரும் அதை 'மீன் படம்' என்றார்கள்.

உள்ளே கிடந்ததைக் கொட்டிவிட்டார்.

"பொறாமைதான் டீச்சர். மறைச்சு என்ன. வயிறு எரியுது. பதினொரு வருஷமா கேமரா தூக்கிட்டு அலையுறேன். குற்றாலம், கொடைக்கானல், கும்பகோணம், எங்க போனாலும் குடும்பத்தோடதான் போறேன். எவ்வளவு எடுத்திருக்கேன்! எதிலயும் இவ இப்படிச் சிரிச்சதில்ல. அவன் டயருக்குக் காத்தடிச்ச கையோட ஒரு தட்டு தட்டுறான், சிரிக்கிறா. அதுவும் வெக்கப்பட்டுத் தலையக் குனிஞ்சு சிரிக்கிறா. அவன் என்ன சொன்னான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'அவரு ஒண்ணும் சொல்லலியே'ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா."

கல்யாணமாகி இருபத்தேழு வருடம் கழித்து இப்படி ஒரு சந்தேகம் வந்ததற்கு வெட்கப்பட்டார். ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

"அவனும் எடுக்குறான், நானும் எடுக்குறேன். எனக்கு என்ன குறை டீச்சர்? முகம் எடுக்குறதுக்குன்னே இருக்கிற அந்த எண்பத்தஞ்சு எம்.எம். லென்ஸ் வாங்கிட்டா..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."



கீழே மணி அடித்தது. டீச்சர் இறங்கிப் போனார். துபாய் போகும் ஓர் இளைஞன் விசாவுக்குப் படம் எடுக்க வந்திருந்தான். சந்தோஷத்தில் அவன் முகம் தானாக மலர்ந்தபடி இருந்தது.

"சிரிக்காதீங்க தம்பி. பல்லு தெரியக் கூடாது." மறுபடியும், "சிரிக்காதீங்க."

மேலே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாத்தீங்கள்ல சார். நாள் பூரா சிரிக்காதீங்கன்னு சொல்லிப் பிழைக்கிறவ நான். சிரிக்க வைக்க எனக்குத் தெரியாது. உங்க படத்தைக் காட்டுங்க."

"எந்தப் படம்?"

"அந்த மீன்."

ஹார்டு டிஸ்க் அவர் பையில் எப்போதும் இருக்கும், சிலர் சர்க்கரை மாத்திரை வைத்திருப்பது போல. கம்ப்யூட்டரில் மாட்டினார். மீன் திரை முழுக்க வந்தது. அதன் மசாலா மினுங்கியது. மேலே ஒரு கீற்று ஆவி. மீனுக்குப் பின்னால் ஓர் எவர்சில்வர் செம்பு, அதன்மேல் கடற்கரை வெயில். படத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

"மணல்ல குப்புறப் படுத்து எடுத்தேன் டீச்சர். இருபது நிமிஷம்."

"அதுவரைக்கும் வீட்டுல எல்லாரும்?"

"இலை முன்னாடிதான். அவங்களுக்குப் பழகிப்போச்சு. நான் 'ஆச்சு'ன்னு சொன்னாத்தான் கைய வைப்பாங்க. மக யாழினி சின்னதுல அதை சாமி கும்பிடுறதுன்னே நெனச்சிட்டிருந்தா."

அவர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"ஆறிப்போயிருக்குமே சார்."

"ஆவி போகலையே. பாருங்க, படத்துல இருக்கு."

டீச்சர் செம்பின் மேல் விரலை வைத்தார்.

"இது எப்படி இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு?"

பூமிநாதன் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் போல இருந்தது.

"நடுவரும் அதைத்தான் கேட்டாரு. 'சுத்தமான படம்'னு எழுதியே கொடுத்தாரு. முதல்ல அதுல ஏதோ கறை மாதிரி விழுந்திருந்தது. கண்ணு மீனை விட்டுட்டு அங்க போகுது. ராத்திரி ரெண்டு மணி நேரம் உக்காந்து, துளித் துளியா, சுத்தமா எடுத்துட்டேன்."

"கறையை எடுக்காத படம் இருக்கா?"

"இருக்கும். எதுக்கு?"

"சும்மா."

தேடி எடுத்துக் கொடுத்தார். டீச்சர் திரையை இரண்டாகப் பிரித்தார். இடப்பக்கம் பரிசு வாங்கிய மீன். வலப்பக்கம் கேமராவிலிருந்து வந்தபடியே இருந்த மீன். செம்பைப் பெரிதாக்கினார்.

கறை இரண்டாகப் பிரிந்தது. கீழே இருந்தது மணலில் கிடந்த ஒரு கறுப்பு உருண்டை. கால்கள் பின்னால் நீண்டிருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா. அந்த உருண்டைக்குப் பின்னால், செம்பின் வளைவில் கொஞ்சம் கோணலாக, ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள். முந்தானை பறந்தது. குனிந்து உருண்டையைப் பார்த்தபடி அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் இரண்டு படங்களும் எடுத்த நேரத்தை மட்டும் காட்டினார். சகலை எடுத்தது மதியம் மணி ஒன்று பதினான்குக்கு. மீனும் ஒன்று பதினான்குக்கு.



"அப்ப அவங்க ஏதாச்சும் சொன்னாங்களா சார்?"

"எப்ப?"

"நீங்க படுத்திருந்தப்ப."

அவர் யோசித்தார். மெல்ல நினைவு வந்தது.

"'பொரிச்ச மீனுக்கே கூச்சமா இருக்கும், எந்திரிங்க'ன்னா."

"நீங்க?"

"வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லுன்னேன்."

சொல்லி முடித்ததும் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு திடீரென்று அவர் முகம் மாறியது. நாற்காலியை முன்னால் இழுத்தார். கண்ணில் ஒரு பளபளப்பு. பத்து நாளாக எரிந்த வயிறு இவ்வளவு சீக்கிரம் குளிர்ந்துவிடுமா? அது குளிரவில்லை, திசை திரும்பியது, அவ்வளவுதான்.

"டீச்சர், அப்ப அவ சிரிச்சது என்னைப் பாத்துத்தான்!"

"ஆமா சார்."

"அவன் பக்கத்துல நின்னு தட்டியிருக்கான். அவ்வளவுதான். அதுல அவன் சாமர்த்தியம் ஒண்ணுமில்ல."

டீச்சர் மவுஸைக் கையில் எடுத்தார்.

"அவன் படம் எதுக்கு? இதையே பெருசாக்கிப் போட்டுருவோம். செம்பை மட்டும். ஹால்ல இது தொங்கட்டும். கீழே என் பேரு. கதிரேசன் வந்து பாக்கட்டும்."

டீச்சர் பெரிதாக்கினார். கொஞ்சம் பெரிதாக்கியதும் தமயந்தியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார். சிரிப்பு இருந்த இடத்தில் நாலு வெள்ளைக் கட்டங்கள் நின்றன.

"இதுக்கு மேல வராது சார்."

"கொஞ்சம்கூடவா?"

"அரிசி அளவு முகம். பன்னிரண்டுக்குப் பதினெட்டுக்கு எப்படி வரும்?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்போன் அடித்தது. தமயந்தி. அவர் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. திரை அணைவதற்குள் கதிரேசன் எடுத்த படம் மறுபடி தெரிந்தது.

"சரி, பிரிண்ட் வராது. போகட்டும்," என்றார். பந்தயத்தில் விட்டதைத் திரும்பக் கேட்பவர் குரலில், "ஆனா ஒண்ணு ஒத்துக்கணும் டீச்சர். அதே நிமிஷத்துல, அதே சிரிப்பை, அவனுக்குச் சமமா நானும் எடுத்திருக்கேன். இல்லையா?"

டீச்சர் பழையபடி இரண்டு மீன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு செம்பில் தமயந்தி இருந்தார். இன்னொரு செம்பில் வெறும் வெயில் இருந்தது.

"ஆமா சார்," என்றார். "சுத்தமா எடுத்திருக்கீங்க."