பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு குரல்

இந்தக் கதையில் மூன்று பேர் வெட்கப்படுகிறார்கள். யார் எதற்காக என்று கவனித்துக்கொண்டே வாருங்கள்.

தூத்துக்குடியில் சந்தியாகு என்றொரு குத்துச்சண்டை மாஸ்டர் இருந்தார். பகலில் துறைமுகத்தில் மின்வேலை. மாலையானால் ஒரு பழைய வலைக் கிடங்கில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பார். அவரிடம் முதல் பாடம் இதுதான்: மாஸ்டர் குரல் கேட்டால் யோசிக்கக் கூடாது, உடம்பு முதலில் கேட்க வேண்டும்.

"யோசிச்சுதான் செய்வேன்னா செஸ் விளையாடப் போங்கட்டி" என்பார்.

அவர் "கை மேல!" என்றால் இரண்டு கைகளும் கன்னத்துக்கு ஏறி முகத்தைக் காக்க வேண்டும். பிள்ளைகள் இதில் எவ்வளவு ஊறியிருந்தார்கள் என்றால், ஒருநாள் திருவிழாவில் ஏணியில் நின்று பல்பு மாட்டியவனைப் பார்த்து மாஸ்டர், "இன்னும் கை மேல!" என்று சத்தம் போட, பக்கத்தில் குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்த அவருடைய மாணவிகள் இருவரும் ஐஸோடு கன்னத்தில் அறைந்துகொண்டார்கள். ஒருத்தி பெயர் செல்சி, மற்றவள் முத்துப்பேச்சி. இருவருக்கும் ஒரே எடைப் பிரிவு.

அதனால்தான் மாவட்ட இறுதிப் போட்டியில் இருவரும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. வெல்பவளுக்கு மாநிலப் போட்டிக்குப் போகும் ஒரே இடம் கிடைக்கும். செல்சிக்கு அடுத்த ஆண்டு வயது வரம்பு தாண்டிவிடும்; அவளுக்கு இதுவே கடைசி வாய்ப்பு.

ஒரே மாஸ்டரின் பிள்ளைகள் மோதினால் அவர் யாருடைய மூலையிலும் நிற்கக் கூடாது. பார்வையாளரோடு அமர்ந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவர் ஒருத்திக்கு மட்டும் யோசனை சொன்னார் என்றால், மற்றவள் அரை மணி நேரத்துக்குள் முறையிடலாம். போட்டி மறுபடி நடக்கும். அந்தப் போட்டியின் சட்டம் அது.

மேடை ஏறுமுன் பேச்சி, "ஏட்டி, மூக்குல மட்டும் குத்திராத. அடுத்த வாரம் அக்கா கல்யாணம்" என்றாள்.

"போட்டோவுல ஓரமா நின்னுக்கோ" என்றாள் செல்சி.

இரண்டு சுற்றுகள் சரிக்குச் சரியாகப் போயின. கடைசிச் சுற்றின் முடிவில் பேச்சி களைத்துப்போனாள். முகத்தைக் காத்துநின்ற அவள் கைகள் மெல்ல இறங்கின. செல்சி அதைப் பார்த்துவிட்டாள். முன்னே பாய்ந்து வலக்கையை வீசினாள்.

"கை மேல!"

மாஸ்டர் தன்னை அறியாமல் எழுந்து நின்று கத்தியிருந்தார்.

பேச்சியின் கைகள் முகத்துக்கு ஏறின. அதே நொடியில், பாதி வழி வந்திருந்த செல்சியின் கையும் திரும்பிப்போய் அவளுடைய சொந்தக் கன்னத்திலேயே ஒட்டிக்கொண்டது. அவளுடைய விலா காவலின்றித் திறந்து கிடந்தது. பேச்சி அங்கே குத்தினாள். செல்சி முழங்காலில் விழுந்தாள். எழுந்துவிட்டாள்தான், ஆனால் ஐந்து நடுவர்களில் மூவர் பேச்சிக்கே வெற்றியைக் கொடுத்தார்கள். கூட்டத்தின் இரைச்சலில் கத்தியது யார் என்று அதிகாரிகள் எவருக்கும் தெரியவில்லை.

பிறகு மூவரும் அரங்கின் பின்புறம் சந்தித்தார்கள். பேச்சி தலை நிமிரவில்லை.

"மாஸ்டர் சத்தத்துக்குத்தான் இவ நின்னான்னு எனக்குத் தெரியும், மாஸ்டர். தெரிஞ்சே குத்திட்டேன்."

"சும்மா கெடட்டி. குத்தத்தான வந்தோம்? ரெஃபரி நிறுத்தச் சொல்லாம நின்னவ நான். அசிங்கம் எனக்குத்தான்" என்றாள் செல்சி. பிறகு மாஸ்டரைப் பார்த்தாள். "ஒண்ணு மட்டும் கேக்கணும், மாஸ்டர். நீங்க சொன்னது எனக்கா, அவளுக்கா?"

முறையீட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் வாயைத் திறந்தார். அதற்குள் போட்டிச் செயலாளர் அந்தப் பக்கமாக வந்து அவர் தோளில் தட்டினார். "ரெண்டும் உங்க பிள்ளைங்க. ஒரு பக்கமும் சாயாம கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தீங்களே மாஸ்டர், அது பெரிசு" என்றார். செயலாளர் போகாமல் அங்கேயே நின்றார். மாஸ்டர் பதிலுக்குச் சிரித்தார்.

சந்தியாகுவுக்குக் காது மடல் சுட்டது.

"ரெண்டு பேருக்கும்தான் சொன்னேன்" என்றார்.

"அப்பச் சரி, மாஸ்டர்" என்றாள் செல்சி. கையில் சுற்றியிருந்த துணிப்பட்டையை அவிழ்க்கத் தொடங்கினாள். முறையிட அவள் போகவில்லை. நேரம் கடந்தது. பேச்சியின் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். செல்சிதான் முதலில் கைதட்டினாள். மாஸ்டர் அவளைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நின்றதற்காக ஒருத்தி வெட்கப்பட்டாள். குத்தியதற்காக ஒருத்தி வெட்கப்பட்டாள். மாஸ்டரும் வெட்கப்பட்டார். இவர்களில் உண்மையிலேயே வெட்கப்பட வேண்டியவர் யார்? எந்தச் செயலுக்காக?

விடை: மாஸ்டர்தான். ஆனால் கத்தியதற்காக அல்ல. அடி வாங்கப் போகிறவளைக் கண்டதும் அவர் நாக்கு கத்தியது. கேட்டதும் செல்சியின் கை நின்றது. தெரிந்தே குத்தியதாகப் பேச்சி சொன்னாலும், இடம் கண்டதும் அவள் கை தானாகத்தான் குத்தியது. மூன்றும் பழக்கம். யோசிக்க யாருக்கும் நேரமில்லை. "ரெண்டு பேருக்கும்" என்ற பதில் அப்படி வந்ததல்ல. குத்திக்கொண்டிருப்பவளிடம் முகத்தைக் காத்துக்கொள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் குரல் பேச்சிக்கு மட்டுமே உரியது என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் செல்சி முறையிட்டிருக்கலாம். அவர் நேரமெடுத்து யோசித்தார், யோசித்துப் பொய் சொன்னார். செல்சியோ யோசிக்கவில்லை. அவர் குரல் கேட்டதும் நம்பிவிட்டாள்.